கொசுவப் பாவாடையும் கட்டத் துணியும்

கும்மிக்கும் கோலாட்டத்திற்கும் சிறுமியர் அணியும் கொசுவப் பாவாடைக்கு எத்தனை கெஜம் துணி வேண்டும் என்னும் கேள்வி தையற்காரருக்கு மட்டும் உரியதன்று. நெய்பவருக்கும் விற்கும் சங்கத்திற்கும் அது வரவு செலவுக் கணக்கேயாகும். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் பலர் ஆறு கெஜப் புடவையை வாங்கி, அதை வெட்டித் தைக்கின்றனர். பாதியளவு துணியே பாவாடையாகிறது. விலையோ முழுப் புடவைக்கு.

இடுப்பு 24 அங்குலமுள்ள சிறுமியைக் கொள்வோம். ஒவ்வொரு கொசுவமும் வெளியே 1 அங்குலம் தெரிந்து, உள்ளே 2 அங்குலம் சென்று, 2 அங்குலம் திரும்ப வேண்டும். ஆக ஒன்றுக்கு 5 அங்குலம். 24 கொசுவத்திற்கு 120 அங்குலம். இணைப்புக்கும் திறப்புக்கும் சேர்த்து மூன்றரை கெஜம் போதும். துணியை மிச்சப்படுத்த எண்ணி மடிப்பின் ஆழத்தைக் குறைப்போர் உளர். அது வீண் சிக்கனம். ஆடுபவள் முழங்காலை அகற்றி அமரும்போது விளிம்பு விரியாமல், இடுப்புத் தையல்தான் விட்டுப்போகும்.

துணியை எப்பொழுதும் நீளவாட்டில் இடுப்பைச் சுற்றிவர வைத்தல் வேண்டும். அப்பொழுது கரை தானாகவே கீழ் விளிம்பில் அமையும். மடித்துத் தைக்கும் வேலையில்லை. உயரம் 32 அங்குலமாயின், இடுப்புப் பட்டிக்கு 1 அங்குலமும், வளரும் பெண்ணுக்காகக் கரைக்கு மேல் உட்புறம் வைக்கும் 2 அங்குல டக்குக்கு 4 அங்குலமும் சேர்த்து, 37 அங்குல அகலம் வேண்டும். பருத்தியாயின் வெட்டுமுன் ஓரிரவு நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, நிழலில் உலர்த்துக. மடித்த கொசுவங்களை மேலும் கீழும் நீண்ட நூலோட்டத்தால் பிடித்து, இஸ்திரி போட்டு, பட்டி தைத்த பின்னரே அந்நூலை உருவ வேண்டும்.

இனி நெசவாளரின் பங்கு. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூர், மதராஸ் கைக்குட்டை எனப் பெயர்பெற்ற கட்டத் துணியை நைஜீரியாவுக்கு நெய்தனுப்பிய ஊர். 1970-களில் அந்நாடு இறக்குமதியைத் தடுத்தபின் அவ்வூர்த் தறிகள் பல ஓய்ந்தன. வாழைநார்ப் புடவையால் அண்மைக் காலத்தில் மீண்டும் பெயர் பெற்றிருக்கிறது. அந்தக் கட்டத் துணி கொசுவத்திற்கென்றே அமைந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. கட்டம் ஓர் அங்குலமாயின் அளவுகோலும் சுண்ணக்கட்டியும் வேண்டா. ஒன்று வெளியே, இரண்டு உள்ளே, இரண்டு திரும்ப என்று எண்ணி மடித்துவிடலாம்.

38 அங்குல அகலத்தில் ஒரு பக்கம் மட்டும் கரையிட்டு நெய்தால், இரண்டு புடவைக்குரிய 12 கெஜத்தில் மூன்று பாவாடை போக ஒன்றரை கெஜம் மீந்து இரவிக்கைக்கு ஆகும். இரு புடவையை வெட்டினால் இரண்டு பாவாடையும் பல துண்டுகளுமே கிடைக்கும். பள்ளி திறந்ததும் சங்கச் செயலாளர் ஆசிரியர்களைக் கண்டு, எத்தனை பாவாடை, எவ்வளவு உயரம் என்று எழுதி வாங்கி, முன்பணமும் பெற்ற பின்னரே பாவு ஓட்டச் சொல்லுதல் நலம். நெய்து வைத்துவிட்டு வாங்குவோரைத் தேடுவதை நாம் ஒப்புவதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஊடை அடிப்பு ஒரே சீராக இருத்தல் அவசியம். கட்டத்திற்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறைந்தாலும், 120 கட்டத்தில் ஏழரை அங்குலம் குறைந்து, ஒன்றரைக் கொசுவம் போய்விடும். பட்டி இடுப்பை எட்டாது. ஆதலின் பத்துக் கட்டம் நெய்தவுடன் அளவுகோலை வைத்துப் பார்த்து, பத்து அங்குலம் உண்டா என்று உறுதி செய்துகொண்டு மேலே நெய்க.