தாத்தாவின் எதிர்காலம்

அன்புள்ள கயலுக்கு,

தாத்தாவைப் பற்றிய உன் கட்டுரையை அம்மா அனுப்பியிருந்தாள். 'தாத்தா விடியற்காலையில் எழுவார். வேப்பங்குச்சியால் பல் துலக்குவார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்.' மூன்று வினைக்கும் அடியில் சிவப்பு மைக் கோடு. ஓரத்தில் 'இறந்தகாலத்தில் எழுதுக' என்ற குறிப்பு. தாத்தா போய் நான்கு வருஷம் ஆகிவிட்டதுதான். ஆனாலும் நீ எழுதியதில் பிழையில்லை.

'எழுந்தார்' என்று மாற்றிப் பார். ஏதோ ஒரு நாள் எழுந்த தாத்தா ஆகிவிடுவார். 'எழுவார்' என்றால்தான் அவர் தினமும் எழுந்தவர். 'எழுவார்' என்பதில் வருகிற 'வ்', 'படிப்பார்' என்பதில் வருகிற 'ப்' இரண்டையும் எதிர்கால இடைநிலை என்கிறது பாடப்புத்தகம். அவை நாளை நடக்கப்போவதைச் சொல்லும், பழகிப்போனதையும் சொல்லும். எந்தக் காலத்துப் பழக்கம் என்பதைப் பக்கத்துச் சொல்தான் காட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒரு 'அப்போதெல்லாம்' போட்டிருந்தால் சிவப்பு மைக்கு வேலை இருந்திருக்காது.

இது புதிதாக வந்த பேச்சுவழக்கும் அல்ல. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பைச் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் சொல்லலாம் என்று தொல்காப்பியர் வினையியலிலேயே வழி வைத்தார். 'மலை நிற்கும்' என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டினார்கள். மலை நாளைக்குத்தான் எழுந்து நிற்கப்போகிறது என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

எதிர்மறையில்தான் வேடிக்கை அதிகம். விருந்தாளி ஒருவர் காபி வேண்டாம் என்கிறார். 'குடிக்கவில்லை' என்றால் அந்த வேளைக்கு வேண்டாம், அவ்வளவுதான். 'குடிப்பதில்லை' என்றால் அது அவர் பழக்கம். வீட்டுக்காரர் மோர் கொண்டுவருவார். 'குடிக்க மாட்டேன்' என்றாலோ டம்ளரோடு நிற்பவர் முகம் சுருங்கிவிடும், அதில் பிடிவாதம் தொனிக்கிறது. அதையே கூட வந்தவர் 'அவர் காபி குடிக்க மாட்டார்' என்று சொல்லட்டும், பிடிவாதம் போய்ப் பழக்கம் மட்டும் நிற்கும். தன்மையிலிருந்து படர்க்கைக்குப் போனதும் சொல்லின் குணமே மாறுகிறது.

'உண்டு' சேர்ந்தால் பழக்கம் கொஞ்சம் தளர்ந்துவிடும். 'திருவிழாவுக்குப் போவார்' என்றால் வருஷம் தவறாமல் போனவர். 'போவதுண்டு' என்றால் சில வருஷம் போகாமலும் இருந்திருப்பார்.

உன் கடைசிப் பத்தியில், 'தாத்தா சினிமாவுக்குப் போவதுண்டு' என்று இருக்கிறது. அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டு. 'போவார்' என்று திருத்தச் சொல்வாள்.

அன்புடன்,
மாமா