விவாதத்தில் வென்றவர் தேர்தலில் வெல்வாரா?

பிரிட்டனில் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் மோதும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் புதியது. 1964லேயே தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் அதற்கு அறைகூவல் விடுத்தார். ஆனாலும் முதல் விவாதம் நடக்க 2010 வரை ஆயிற்று. இப்போது நிகழ்ச்சி முடிந்த சில நிமிடங்களில் ‘வென்றவர் இவர்’ என்று ஒரு சதவீதக் கணக்கு திரையில் வந்துவிடுகிறது. அந்த எண்ணைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன. வாக்குச்சாவடிக்குப் போகும் முன் மக்கள் காதில் விழுபவை என்பதால், அவற்றைச் சரிபார்க்காமல் விடுவது நல்லதல்ல.

நம்பிக்கை: விவாதத்தில் வென்றவர் பக்கம் வாக்குகள் சாயும்.

2010 ஏப்ரல் 15 இரவு, மான்செஸ்டர். தொழிற்கட்சியின் பிரதமர் கோர்டன் பிரவுன், கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் மூவரும் ஐடிவி மேடையில் நின்றார்கள். 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதுவரை மூன்றாம் கட்சியின் தலைவராக ஓரத்தில் இருந்த கிளெக், கேமராவை நேராகப் பார்த்து, கேள்வி கேட்டவர்களின் பெயரைச் சொல்லிப் பதிலளித்தார். பிரவுனோ ‘நிக் சொல்வதை ஏற்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யூகவ் நிறுவனத்தின் உடனடிக் கணிப்பில் கிளெக் வென்றதாக 51 சதவீதத்தினர் சொன்னார்கள். கேமரனுக்கு 29, பிரவுனுக்கு 19. அடுத்த சில நாட்களில் வந்த சில கருத்துக்கணிப்புகள் அவருடைய கட்சியை முதலிடத்திலேயே வைத்தன.

மே 6ஆம் தேதி நடந்தது வேறு. லிபரல் டெமாக்ரட்டுகளின் வாக்கு விகிதம் 22லிருந்து 23 சதவீதமாக மட்டுமே உயர்ந்தது. இடங்களோ 62லிருந்து 57 ஆகக் குறைந்தன.

ஏன் இப்படி? முதல் காரணம், இரண்டு கேள்விகளை நாம் ஒன்றாக்கிவிடுவது. ‘இன்று யார் நன்றாகப் பேசினார்?’ என்பது ஒரு கேள்வி. ‘உங்கள் வாக்கு யாருக்கு?’ என்பது இன்னொன்று. அறிமுகமில்லாத ஒருவர் எதிர்பார்ப்பைத் தாண்டிப் பேசும்போது முதல் கேள்விக்கு அவர் பெயரைச் சொல்வது இயல்பு. அப்படிச் சொன்ன அதே வாக்காளர் மூன்று வாரம் கழித்து வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது, தன் தொகுதியில் யாரை வரவிடக் கூடாது என்பதையும் யோசிக்கிறார். பிரிட்டனில் யாரும் பிரதமருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. தொகுதியில் அதிக வாக்கு பெறும் ஒருவரே வெல்கிறார். நாடெங்கும் பரவலாக ஆதரவு பெற்ற மூன்றாம் கட்சியை இந்த முறை கடுமையாகத் தண்டிக்கும். 2005 தேர்தலைவிட 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் கிளெக்கின் கட்சி 5 இடங்களை இழந்ததைப் பிறகு எப்படி விளக்குவது?

இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். விவாதங்கள் மூன்று நடந்தன. பிரிஸ்டலில் நடந்த இரண்டாவதில், அதே யூகவ் கணிப்பில் கேமரன் 36, கிளெக் 32. பர்மிங்ஹாமில் ஏப்ரல் 29 அன்று நடந்த மூன்றாவதில் கேமரன் 41, கிளெக் 32. யூகவ் கணிப்புகளின்படி கிளெக் வென்றது முதல் இரவை மட்டுமே. நினைவில் நின்றதும் அந்த ஓர் இரவுதான்.

நம்பிக்கை: உடனடிக் கணிப்பு என்பது நாட்டின் தீர்ப்பு.

2015 ஏப்ரல் 2 அன்று சால்ஃபர்டில் ஏழு தலைவர்கள் விவாதித்தார்கள். யூகவ் கணிப்பில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் நிக்கோலா ஸ்டர்ஜன் 28 சதவீதத்துடன் முதலிடம். தொழிற்கட்சியின் எட் மிலிபாண்ட் 15 சதவீதத்துடன் நான்காம் இடம். ஐசிஎம் நிறுவனத்தின் கணிப்பிலோ மிலிபாண்ட் 25, கேமரன் 24. ஒரே இரவில், ஒரே நிகழ்ச்சிக்கு, வேறு வேறு வெற்றியாளர்கள்! ஸ்டர்ஜன் அந்தத் தேர்தலில் வேட்பாளரே அல்ல. அவருடைய கட்சி ஸ்காட்லாந்துக்கு வெளியே போட்டியிடவும் இல்லை. அவரைப் பாராட்டிய இங்கிலாந்து வாக்காளர், விரும்பினாலும் அவர் கட்சிக்கு வாக்களித்திருக்க முடியாது.

2024 ஜூன் 4 அன்றும் கணிப்புகள் இப்படி முரண்பட்டன. கன்சர்வேடிவ் பிரதமர் ரிஷி சுனக்கும் தொழிற்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மரும் மோதிய விவாதத்தில் யூகவ் கணிப்பு சுனக்குக்கு 51, ஸ்டார்மருக்கு 49 என்றது. சவாண்டா நிறுவனமோ ஸ்டார்மருக்கு 44, சுனக்குக்கு 39 என்றது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் சுனக்கின் கட்சிக்குக் கிடைத்தவை 121 இடங்கள், தொழிற்கட்சிக்கு 411.

இந்தக் கணிப்புகள் பொய் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் மட்டுமே அவை கேட்கின்றன. பார்ப்பவர்கள் பெரும்பாலும் அரசியலில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். அவர்களில் பலருக்குக் கட்சி முன்பே முடிவாகியிருக்கும். தன் கட்சித் தலைவர் தோற்றார் என்று ஒப்புக்கொள்ள அவர்களில் எத்தனை பேருக்கு மனம் வரும்? 51, 49 போன்ற எண்ணைப் பிழை வரம்புக்குள் அடங்கிய சமநிலை என்றுதான் படிக்க வேண்டும். மறுநாள் அதையே ‘வெற்றி’ என்று கொட்டை எழுத்தில் போடும் செய்தித்தாள்கள் வாசகருக்கு அநீதி செய்கின்றன.

நம்பிக்கை: திரையின் கீழே ஓடும் கோடு மக்களின் மனதைக் காட்டுகிறது.

ஒரு சிறு குழுவினர் கையில் கருவியை வைத்துக்கொண்டு பிடித்தால் ஏற்றி, பிடிக்காவிட்டால் இறக்குவார்கள். அதன் சராசரிதான் அந்தக் கோடு. 2010 விவாதங்களின்போது இதுவும் பயன்படுத்தப்பட்டது. பர்மிங்ஹாம் விவாதத்தின்போது கொலின் டேவிஸ், ஜெஃப்ரி பவர்ஸ், அமினா மேமன் ஆகிய ஆய்வாளர்கள் 150 பேரை இரண்டு குழுக்களாக உட்காரவைத்து நேரலையைக் காட்டினார்கள். கோட்டை மட்டும் அவர்களே ரகசியமாக இயக்கினார்கள்: ஒரு குழுவுக்கு அது பிரவுனுக்குச் சாதகமாக ஏறியது, மற்றதற்குக் கிளெக்குக்கு. வென்றது யார் என்று இரு குழுக்களும் சொன்ன பதில், தாங்கள் பார்த்த கோட்டின் பக்கம் சாய்ந்தது. விரும்பும் பிரதமர் யார் என்பதில்கூட அதன் தாக்கம் தெரிந்தது. 2011இல் வெளியான இந்த ஆய்வை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். யாரோ சிலருடைய எண்ணத்தைக் காட்டுவதாகச் சொல்லும் கோடு, பார்ப்பவரின் சொந்த எண்ணத்தையே திருப்பிவிடுகிறது. தேர்தல் காலத்தில் இதை ஒளிபரப்பாமல் இருப்பதே நேர்மை.

நம்பிக்கை: அரங்கத்தின் கைதட்டலே அளவுகோல்.

2010இல் அரங்கில் இருந்தவர்கள் விவாதத்தின் நடுவே கைதட்டவே கூடாது. கட்சிகளும் தொலைக்காட்சிகளும் சேர்ந்து வகுத்த 76 விதிகளில் அதுவும் ஒன்று. கைதட்ட அனுமதித்தாலும், தட்டுபவர்கள் யார் என்பதிலேயே சர்ச்சை எழும். 2015 ஏப்ரல் 16 விவாதத்தில் யூகிப் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் பார்வையாளர்களை இடதுசாரிகள் என்று குறை சொன்னபோது, அவர்களைத் தேர்ந்தெடுத்தது சுயாதீனமான கணிப்பு நிறுவனம் என்று நெறியாளர் டேவிட் டிம்பிள்பி அங்கேயே மறுத்தார்.

நம்பிக்கை: அப்படியானால் இந்த விவாதங்களே வீண்.

இதையும் மறுக்க வேண்டும். 2010இல் மூன்றாம் கட்சித் தலைவருக்கு மற்ற இருவருக்கும் சமமான நேரம் கிடைத்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோல்மன் தலைமையிலான ஆய்வில், பார்த்தவர்களில் பலர், குறிப்பாக இளைஞர்கள், பிறகு வீட்டிலும் நண்பர்களிடமும் அதைப் பற்றிப் பேசியது தெரியவந்தது. வெற்றி தோல்விச் சதவீதத்தைவிட இது பெரிய பயன்.

ஆனால் பிரிட்டனில் இதை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. 2017 மே 31 அன்று கேம்பிரிட்ஜில் நடந்த பிபிசி விவாதத்துக்குப் பிரதமர் தெரசா மே வரவில்லை. தன் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பினார். எட்டு நாள் கழித்து நடந்த தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி பெரும்பான்மையை இழந்தது. விவாதத்தைத் தவிர்த்ததால்தான் இழந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மற்றத் தலைவர்கள் தன் எதிரே நின்று கேட்கும் கேள்விக்குப் பிரதமர் எப்படிப் பதில் சொல்வார் என்று பார்க்கும் வாய்ப்பை அன்று வாக்காளர்கள் இழந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.