தொழிலைக் கேட்ட வக்கீலம்மா

விபத்தில் அடிபட்டவர் வார்டுக்கு வந்து சேர்வதற்குள் 'வக்கீலோட ஆள்' வந்து நிற்பது நம் ஊரில் புதிதல்ல. என் தம்பியின் கட்டிலருகிலும் ஒருவர் வந்து நின்றார். "ஒரு பைசா செலவு வேண்டாம். இருபது லட்சம் வாங்கித் தர்றோம், அதுல முப்பது பர்சென்ட் எங்களுக்கு" என்றார். கையில் நிரப்பாத வக்காலத்து. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகளே தடுக்கின்றன. ஊருக்கே தெரிந்த வழக்கம்தான், அதற்காக அது சரியாகிவிடாது. கட்டணத்தை ரூபாயில் பேசி, எழுதி வாங்குங்கள்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். லாரி மோதி வலது முழங்கால் நொறுங்கியது. பிளேட் வைத்த பிறகும் மூட்டு பாதிதான் மடங்குகிறது. விபத்து நடந்தது திண்டுக்கல் பக்கம் என்றாலும், குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்பதால் மதுரையில் வக்கீல் தேடினோம். விபத்து வழக்குகளையே அதிகம் நடத்தும் சிலரைப் பார்த்தோம். ஒருவர் எஃப்.ஐ.ஆரைப் புரட்டியதுமே தொகை சொன்னார். இன்னொருவர், ஒரு வக்கீலம்மா, காகிதத்தைத் தொடவேயில்லை. "குத்தவச்சு உக்கார முடியுதா தம்பி?" என்று கேட்டார். முடியவில்லை என்றான். "அப்புறம் டைல்ஸ் எப்படி ஒட்டுவீங்க?"

வழக்கு முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மருத்துவக் குழு எழுதித் தருவது உடலின் ஊன சதவீதம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியதோ, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநர் அல்லது தச்சர் என்றால் வருமானம் ஏறக்குறைய முழுவதுமே போய்விடும், அரசு எழுத்தர் என்றால் வேலை போகாமலும் இருக்கலாம்.

பணத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். சொந்தத் தொழில் செய்யும் 34 வயதுக்காரருக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வையுங்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16, ஆக 40,32,000. இதில் 30 சதவீதம் என்றால் 12,09,600. தொழிலைக் கணக்கில் எடுத்து 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 24,19,200. கால் ஒன்றுதான், காயமும் ஒன்றுதான்.

இதை நிரூபிக்க வக்கீலுக்கு நாம்தான் சரக்குக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத தம்பிக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் பேங்க் பாஸ்புக்கும் உதவின. வேலை கொடுத்த மேஸ்திரி சாட்சிக்கு வந்தார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டோம். ஹெல்மெட் போட்டிருந்தானா, லைசென்ஸ் இருந்ததா என்பதையெல்லாம் முதல் நாளே மறைக்காமல் சொன்னோம். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதைத்தான் கேட்பார். நம் வக்கீல் அங்கே முதன்முறையாகக் கேட்டு விழிக்கக் கூடாது. பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எம்.சி.ஓ.பி. எண்ணை, அதாவது இழப்பீட்டு மனுவின் எண்ணை, வாங்கிவைத்தால் வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பகலில் கோர்ட்டில் நிற்பவரைப் போனில் துரத்த வேண்டியதில்லை. லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம் என்றால், மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒப்புக்கொண்டபின் அப்பீல் கிடையாது. பாஸ்புக்கையும் கையெழுத்திட்ட செக்கையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், உங்கள் வக்கீலாகவே இருந்தாலும்.

எங்கள் தீர்ப்பாயம் சான்றிதழில் இருந்ததைவிடக் கூடுதலான சதவீதத்தையே ஏற்றது. தாமதம் மட்டும் வேண்டாம்: மனுத் தாக்கலுக்கு ஆறு மாதக் கெடு என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று இருந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே வழி செய்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.