பெரிய ஃபைலில் சாம்பிள் எடுப்பது எப்படி?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். ஆனால் சாம்பாருக்கு இது பொருந்துமா? கரண்டியை மேலாக விட்டால் வெறும் தண்ணீர்தான் வரும்; பருப்பு அடியில் கிடக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு எடுத்தால்தான் ருசி தெரியும். டேட்டாவும் இப்படித்தான். கலக்காமல் எடுத்து நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பல கிளைகள் உள்ள ஒரு பல்பொருள் அங்காடியின் ஓராண்டு விற்பனை விவரம் என்னிடம் வந்தது. ஏறக்குறைய 36 லட்சம் வரிகள். என் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம்தான். முழு ஃபைலையும் திறந்தால் மெஷின் திணறியது. "எதற்கு வம்பு?" என்று முதல் 10,000 வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, எந்தப் பொருள் அதிகம் விற்கிறது என்று ரிப்போர்ட் தயாரித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடையின் கணக்காளர் போன் செய்தார். வயதில் பெரியவர். "தம்பி, எங்க கடையில வருஷம் பூரா கேக்கா விக்குது?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. ஃபைல் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தது. 36 லட்சத்தை 365 ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 9,860 வரிகள். நான் எடுத்த 10,000 வரிகளும் ஜனவரி 1 அன்று நடந்த விற்பனை! அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கொள்முதல் ஆர்டர் போட இருந்தார்கள். அவர் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் கேக் எல்லாம் பூசணம் பிடித்திருக்கும்.

ஆர் மொழியில் சாம்பிள்

புள்ளியியல் வேலைகளுக்கு ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழி உள்ளது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது. முற்றிலும் இலவசம். கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், புள்ளிகளையும் அடைப்புக்குறிகளையும் விடாமல் அமைக்கவும்.

1. பில் <- ரீட்.சிஎஸ்வி("பில்.சிஎஸ்வி")
2. செட்.சீட்(2024)
3. எண்கள் <- சாம்பிள்.இன்ட்(என்ரோ(பில்), 10000)
4. மாதிரி <- பில்[எண்கள், ]

முதல் கட்டளை ஃபைலைப் படிக்கிறது. மூன்றாவதில் உள்ள என்ரோ, மொத்தம் எத்தனை வரிகள் என்று எண்ணித் தருகிறது. அத்தனை வரி எண்களில் இருந்து 10,000 எண்களை சாம்பிள்.இன்ட் குலுக்கி எடுக்கிறது. எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடாதது போல, ஒரு முறை வந்த வரி மறுமுறை வராது. நான்காவது கட்டளை அந்த வரிகளைத் தனியே பிரிக்கிறது. அதில் காற்புள்ளியை மறக்காதீர்கள். அதற்கு முன்னால் வருவது வரி, பின்னால் வருவது பத்தி. பின்னால் காலியாக விட்டால் எல்லாப் பத்திகளும் வரும்.

இரண்டாவது கட்டளை எதற்கு? கம்ப்யூட்டரின் குலுக்கல், ஒரு தொடக்க எண்ணில் இருந்து கணக்குப் போட்டு வருவது. அந்த எண்ணை நீங்களே கொடுத்துவிட்டால் நாளை மீண்டும் இயக்கினாலும் அதே 10,000 வரிகள் கிடைக்கும். யாராவது சந்தேகம் கேட்டால் அதே சாம்பிளைக் காட்டலாம். எந்த எண்ணும் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: 2019 இல் வந்த 3.6.0 பதிப்பில் குலுக்கும் முறை மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் எடுத்த சாம்பிள், புதிய பதிப்பில் அதே எண் கொடுத்தாலும் வராது. எனவே பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள்.

ஒரு பொறி

சாம்பிள் என்றும் ஒரு கட்டளை உண்டு. எண்களின் பட்டியலைக் கொடுத்தால் அதைக் குலுக்கித் தரும். 5, 9, 12 என்ற கிளை எண்களைக் கொடுத்தால் சரியாக வேலை செய்யும். ஆனால் பட்டியலில் 12 என்ற ஒரே எண் மட்டும் இருந்தால், ஆர் அதை '1 முதல் 12 வரை' என்று எடுத்துக்கொள்ளும்! இல்லாத கிளைகள் எல்லாம் வந்து நிற்கும். பிழைச் செய்தியும் வராது. பட்டியலில் இருந்து நேராக எடுக்காமல், அதன் வரிசை எண்களை சாம்பிள்.இன்ட் மூலம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மெமரியில் அடங்காத ஃபைல்

என் 4 ஜிபி மெஷினில் முதல் கட்டளையே திணறியது. இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது. ஃபைலை வரி வரியாகப் படியுங்கள். முதல் 10,000 வரிகளை ஒரு பெட்டியில் வையுங்கள். அடுத்து 10,001 ஆவது வரி வரும்போது 1 முதல் 10,001 வரை ஓர் எண்ணைக் குலுக்குங்கள். வந்த எண் 10,000 அல்லது அதற்குள் இருந்தால், பெட்டியில் அந்த இடத்தில் உள்ள வரியை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். இல்லையென்றால் புதிய வரியை விட்டுவிடுங்கள். கடைசி வரி வரை இப்படியே.

இது நியாயமான குலுக்கலா? சிறிதாகப் பார்ப்போம். பெட்டியில் ஒரே இடம், மொத்தம் மூன்று வரிகள். மூன்றாவது வரி உள்ளே வர வாய்ப்பு 3 இல் 1. முதல் வரி, இரண்டாவதிடம் தப்ப வாய்ப்பு 2 இல் 1. மூன்றாவதிடம் தப்ப 3 இல் 2. இரண்டையும் பெருக்கினால் 3 இல் 1. இரண்டாவது வரிக்கும் அதே கணக்குதான். எல்லோருக்கும் சம வாய்ப்பு! மொத்த வரிகள் எத்தனை என்று முன்கூட்டியே தெரிய வேண்டியதும் இல்லை. இம்முறையை விளக்கி ஜெஃப்ரி விட்டர் 1985 இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஆரில் ரீட்லைன்ஸ் கட்டளையால், திறந்து வைத்த ஃபைலைச் சிறிது சிறிதாகப் படிக்கலாம்.

எத்தனை வரி போதும்?

ஒரு சதவீதத்தை மதிப்பிட வேண்டுமானால் 400 வரிகளுக்குப் பிழை ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளிக்குள், 2,500 வரிகளுக்கு 2 க்குள், 10,000 வரிகளுக்கு 1 க்குள் இருக்கும். இது 100 முறை எடுத்தால் சுமார் 95 முறை பொருந்தும். மொத்தம் 36 லட்சமானாலும் 3 கோடியானாலும் இதே கணக்குதான். ஆனால் மொத்தத்தில் 1 சதவீதமே உள்ள சிறிய கிளைக்கு, 10,000 இல் சுமார் 100 வரிகள்தான் கிடைக்கும். அதைப் பற்றித் தனியே பேச வேண்டுமானால் கிளை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்குங்கள்.

எண்ணிக்கை பெரிதானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐப் பிடித்தார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை அதிகம் நம்பியதும், பதில் அனுப்பியவர்கள் மட்டுமே கணக்கில் வந்ததும் காரணம். அவர்களும் மேலாகத்தான் கரண்டியை விட்டார்கள்.

நான் புது சாம்பிள் எடுத்து ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினேன். முதலிடத்தில் அரிசி வந்தது. கணக்காளர் மறுபடி போன் செய்து, "இப்ப சரி தம்பி. இதைத் தெரிஞ்சுக்க கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார்!

அன்றிலிருந்து எந்த சாம்பிள் எடுத்தாலும் முதலில் அதன் தேதிகளைப் பார்க்கிறேன். பன்னிரண்டு மாதமும் வந்திருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலை. நீங்களும் செய்து பாருங்கள்.