கோடுகள் சொல்லும் எண்

ஒரு சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கும். சில கோடுகள் மெல்லியவை. சில தடித்தவை. கீழே எண்கள் இருக்கும். இதற்குப் பார்கோடு என்று பெயர்.

மணலில் பிறந்த யோசனை

1948-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு கல்லூரி. மளிகைக் கடை நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அங்கே வந்தார். பில் போடும்போதே பொருளின் விவரம் தானாகப் பதிவாக வேண்டும், அதற்கு வழி கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டார். கல்லூரி சம்மதிக்கவில்லை. பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர் அந்தப் பேச்சைக் கேட்டார். நண்பர் உட்லண்டிடம் சொன்னார்.

உட்லண்ட் சிறு வயதில் தந்தி மொழி கற்றவர். தந்தி மொழியில் எழுத்துகள் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஒரு நாள் அவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தார். மணலில் விரல்களால் கோடுகள் இழுத்தார். மெல்லிய கோடு, தடித்த கோடு! வழி பிறந்தது.

1952-இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கோடுகளைப் படிக்க ஏற்ற கருவி அப்போது இல்லை. லேசர் ஒளியும் கம்ப்யூட்டரும் வந்த பிறகே யோசனை பலித்தது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் கோடுகளைக் கருவி படித்தது. கடையில் இப்படி விற்ற முதல் பொருள் அதுதான்.

கடையில் வந்த மாற்றம்

பில் வேகமாக வந்தது. எந்தப் பொருள் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதும் உடனே தெரிந்தது. ஆனால் மக்களுக்கு ஒரு கவலை. ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டுவது நின்றுவிட்டால், சரியான விலையை எப்படி அறிவது? அதனால் 1976-இல் மிச்சிகன் மாநிலம், பொருள்களில் விலை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அது 2011 வரை இருந்தது.

பில்லைப் படியுங்கள்

கடைப் பொருளின் கோடுகளில் பெரும்பாலும் விலை இருப்பதில்லை. எண் மட்டுமே உண்டு. விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அங்கே தவறாகப் பதிந்திருந்தால் பில்லும் தவறாகவே வரும்.

நம் நாட்டில் உறையின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். எனவே உறையில் உள்ள விலையைப் படியுங்கள். பில்லில் உள்ள விலையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இயந்திரம் போட்ட பில் என்றாலும் கேட்கலாம்.

விடை எழுதுங்கள்

1. உட்லண்ட் எங்கே கோடுகள் இழுத்தார்?
2. பொருளின் விலை எங்கே பதிவாகி இருக்கிறது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளின் விலையைப் பார்த்து எழுதுங்கள்.