கண் தெரியாத வாடிக்கையாளருக்கு எந்த ரேடியோ, எந்தப் போன்?

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளில் ரேடியோ, போன் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். கண் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து போன் கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்? "பெரிய பட்டன் போன் ஒன்றைக் கொடுப்போம்" என்றுதான் அநேகமானோர் சொன்னார்கள். பாதிப் பதில் சரி. மீதிப் பாதியில்தான் வாடிக்கையாளரின் காசு வீணாகிறது.

அந்தக் காசு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் அப்போது 33,750 ரூபாதான் வந்தது. அதில் பிடிப்புகள் போகும். ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் என்பது ஏறக்குறைய ஒருவரின் மாத உழைப்பு. பார்வையுள்ளவர் தவறான போனை வாங்கிவிட்டால் எப்படியோ சமாளிப்பார். கண் தெரியாதவரின் கையில் அது வெறும் கண்ணாடித் துண்டு. அலுமாரிக்குள் போய்விடும். அவர் வீட்டில் மட்டுமல்ல, அந்த லயம் முழுவதும் உங்கள் கடைப் பெயர் பேசப்படும்.

இது நாலைந்து பேருடைய விடயம் என்று நினைக்க வேண்டாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு வகைக் குறைபாடு இருந்தது. அவற்றில் மிக அதிகமானது பார்வைக் குறைபாடு. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். எல்லோரும் முற்றாகப் பார்வை இழந்தவர்கள் அல்லர். சிலருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்குப் பெரிய எழுத்துத் தெரியும். ஆகவே கடைக்காரரின் முதல் கேள்வி "உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்பதாக இருக்க வேண்டும். அதைக் கூட வந்த மகனிடமோ பேரப்பிள்ளையிடமோ கேட்காமல் அவரிடமே கேளுங்கள். வயதானவர் என்றால் கண் கிளினிக்குக்குப் போனாரா என்றும் விசாரியுங்கள். வெண்புரை என்றால் சத்திரசிகிச்சையால் பார்வை திரும்பக்கூடும், அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமும் இல்லை. அவர் பார்வை பெற்று வந்தால் வேறு போன் வாங்குவார், நட்டமில்லை.

இனி ரேடியோ. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. அன்றிலிருந்து கண் தெரியாதவருக்குப் பத்திரிகையும் வானொலிதான், துணையும் வானொலிதான். செய்தி, மரண அறிவித்தல், பாட்டு, நம் வீடுகளில் முஸ்லிம் சேவை எல்லாம் அதில்தான். இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கு வானொலிப் பெட்டி வழங்கவென்றே ஒரு நிதியம் அமைத்தார்கள். அதற்காக 1929 கிறிஸ்மஸ் தினத்தில் வானொலியில் பேசிப் பணம் கேட்டவர் வின்ஸ்டன் சேர்ச்சில். நம் கடைகளிலோ கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக வைத்து, "அந்தச் சிவப்பு நல்லாயிருக்கும்" என்று காட்டுகிறோம்.

ரேடியோவை எடுத்து அவர் கையில் கொடுங்கள். விரல்களால் அவரே பார்க்கட்டும். திருகும்போது 'டிக்' என்று ஒலித்து ஒன் ஆகும் வொலியூம் குமிழ் மிக நல்லது. ஒன்னா ஓஃபா என்பது விரலுக்கே தெரியும். தொட்டவுடன் வேலை செய்யும் வழுவழுப்பான முகப்பு, ஒரே பட்டனுக்கு மூன்று வேலை, எல்லாவற்றையும் சிறு திரையில் மட்டும் காட்டும் மெனு ஆகியவை இருந்தால் விலை குறைவென்றாலும் அவருக்கு வேண்டாம். இப்போது வரும் சவுண்ட்பார்களில் பல இந்த வகைதான். ரிமோட் இல்லாவிட்டால் பார்வையுள்ளவரே தடுமாறுகிறார்.

நிலையம் பிடிப்பதில் இரண்டு வகை உண்டு. பழைய மாதிரி முள் நகரும் திருகி என்றால் காதால் கேட்டுக்கொண்டே பிடிக்கலாம். இலக்கமுறை ரேடியோ என்றால் நிலையங்களைப் பட்டன்களில் பதிந்துவைக்கும் வசதி இருக்க வேண்டும். பதிவதை நீங்களே செய்து, "முதல் பட்டன் இது, இரண்டாவது அது" என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை. எப்.எம். அலை நேர்கோட்டில் போவது, இடையில் மலை வந்தால் மறைபடும். ஹட்டன் டவுனில் கணீரென்று கேட்கும் பெட்டி, பள்ளத்தாக்கிலுள்ள தோட்டத்தில், தகரக் கூரையின் கீழ் இரையலாம். நீளமான இழுப்பு அன்டெனா உள்ளதைக் கொடுங்கள். மூன்று நாள் பாவித்துப் பார்த்துச் சரிவராவிட்டால் மாற்றித் தருவதாகவும் சொல்லுங்கள். போனிலுள்ள எப்.எம். போதாதா என்று சிலர் கேட்பார்கள். அநேக போன்களில் இயர்போன் வயரைச் செருகினால்தான் அது வேலை செய்யும், அந்த வயர்தான் அன்டெனா.

யூ.எஸ்.பி., மெமரி கார்ட் போடும் சிறிய சீன ரேடியோக்கள் மலையகத்தில் நன்றாக ஓடுகின்றன. அவற்றில் இலக்க விசைகள் உள்ளதைத் தெரிந்தெடுங்கள். 25 என்று அழுத்தினால் 25ஆவது பாட்டு வரும். கார்டில் பாட்டோ பயானோ கிராஅத்தோ பதிந்து கொடுக்கும்போது ஒழுங்காக இலக்கமிட்டு, எந்த இலக்கத்தில் எது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தப் பெட்டிகளில் பல பழைய நோக்கியா போனின் பி.எல்.-5சி பெட்டரியில் ஓடுகின்றன. அந்தப் பெட்டரி எங்கும் கிடைக்கும். வேறு ஏதோ வடிவப் பெட்டரி உள்ளதை வாங்கியவர் ஒரு வருடத்தில் அல்லாடுவார். நுவரெலியாவின் ஈரத்தில் பெட்டரி முனைகள் பச்சை பிடிப்பதும் வழக்கம், துடைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கர் கேட்டால், அது வாய் திறந்து பேசுமா என்று பாருங்கள். "இணைந்தது", "பெட்டரி குறைவு" என்பதைக் குரலில் சொல்பவை உண்டு. சில மலிவுப் பெட்டிகள் அதைச் சீன மொழியில் சொல்லும்! ஒன் பண்ணியதும் பழைய போனுடன் தானாகவே இணைகிறதா என்பதையும் கடையிலேயே சோதியுங்கள்.

சார்ஜ் பண்ணும் துவாரத்தை நாம் கவனிப்பதே இல்லை. கண் தெரியாதவருக்கு இது பெரிய விடயம். மைக்ரோ யூ.எஸ்.பி. ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். இருட்டில் நாமே எத்தனை தடவை தலைகீழாகக் குத்துகிறோம்? அவருக்கு எப்போதும் அந்த இருட்டுத்தான். இரண்டு மாதத்தில் துவாரம் தளர்ந்து, "சார்ஜ் ஏறுதில்லை" என்று திரும்பி வரும். டைப்-சி எந்தப் பக்கமாகவும் நுழையும். இரண்டு பெட்டிகளில் ஒன்று டைப்-சி என்றால் யோசிக்காமல் அதைக் கொடுங்கள். மைக்ரோதான் இருக்கிறதென்றால் வயர் முனையின் மேற்பக்கத்தில் நகப்பூச்சை ஒரு துளி தடிப்பாக வைத்துக் காயவிடுங்கள். விரல் தடவியதும் மேல் எது என்று தெரிந்துவிடும். ஒன் பட்டனிலும் அப்படியே ஒரு துளி. செலவு சில சதம்தான்.

அடுத்து போன். பட்டன் போனில் 5ஆம் இலக்கத்தின் மேல் சிறு புடைப்பு இருக்கும். அதை வைத்தே மற்ற இலக்கங்களை விரல் கண்டுபிடிக்கும். புடைப்பு இல்லாத, பட்டன்களுக்கிடையில் பள்ளம் இல்லாத தட்டையான போன்கள் பெரிதாக இருந்தும் பயனில்லை. அழுத்தும்போது இலக்கத்தை வாயால் சொல்லும் மலிவுப் போன்கள் இருக்கின்றன. சொல்வது ஆங்கிலத்தில் என்றாலும் இலக்கம்தானே, பழகிவிடும். 2 முதல் 9 வரையான விசைகளில் மகள், மகன், ஓட்டோக்காரர் என்று வேக அழைப்புப் பதிந்து கொடுங்கள். ஆனால் வரும் அழைப்பு யாருடையது, வந்த எஸ்.எம்.எஸ். என்ன சொல்கிறது என்பதை இந்தப் போன்களில் பெரும்பாலானவை சொல்லா. அதனால்தான் பெரிய பட்டன் என்பது பாதிப் பதில் என்றேன்.

மீதிப் பாதி ஸ்மார்ட் போனில் இருக்கிறது. கண் தெரியாதவருக்குத் தொடுதிரையா என்று சிரிப்பவர்கள் உண்டு. 2009இலேயே ஐபோனில் வொய்ஸ் ஓவரும், எண்ட்ரொய்டில் டோக்பேக்கும் வந்துவிட்டன. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போனே வாசிக்கும். ஒரு தடவை தொட்டால் வாசிக்கும், இரண்டு தடவை தட்டினால் திறக்கும். வலப்பக்கம் ஒரு விரலால் வழித்தால் அடுத்ததற்குப் போகும், திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாத கடைப் பையன் டோக்பேக்கை ஒன் பண்ணிவிட்டு, போன் பழுதாகிவிட்டது என்று பயந்த கதையெல்லாம் உண்டு. வொலியூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான எண்ட்ரொய்ட் போன்களில் அது ஒன் ஆகும், திரும்பவும் பிடித்தால் ஓஃப் ஆகும். முதல் தடவை அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

தெரிவு செய்யும்போது கெமராவைப் பற்றிப் பேச வேண்டாம். நினைவகம் முக்கியம். 2 ஜீ.பி. ரெம் உள்ள போனில் விரல் ஒரு இடம், குரல் இன்னொரு இடம் என்று இழுபடும். 4 ஜீ.பி. இருந்தால் நல்லது. வொலியூம் பட்டன்கள் தனித்தனியாக, உறுதியாக இருக்க வேண்டும். விரலடையாளம் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ உள்ளது, திரைக்குள் உள்ளதை விட அவருக்கு இலகு. இயர்போன் துவாரம் வேண்டும். லயக் காம்பராவில் சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும், அவரது எஸ்.எம்.எஸ். ஊருக்கே வாசிக்கப்படக் கூடாது. ஆனால் இயர்போனை ஒரு காதில் மட்டும் போடச் சொல்லுங்கள். மற்றக் காது பாதைக்கு வேண்டும்.

பாவித்த போன் விற்பவர்களுக்கு ஒரு செய்தி. திரையில் கோடு விழுந்த, நிறம் மங்கிய, ஆனால் தொடுகை முழுமையாக வேலை செய்யும் போனை அரைவிலைக்கும் கேட்பாரில்லை. முற்றாகப் பார்வையில்லாதவருக்கு அது குறையே அல்ல. குறையை மறைக்காமல் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். ஸ்பீக்கரும் பட்டன்களும் நன்றாக இருக்க வேண்டியதுதான் முக்கியம்.

விற்ற பிறகு செய்யும் அரைமணி நேர வேலையில்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. கூகிளின் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரல் இருக்கிறது. அதைக் கடையின் வைஃபையிலேயே இறக்கிப் பதிந்து கொடுங்கள், தோட்டத்தில் சிக்னல் எப்படியென்று நமக்குத் தெரியாதா? பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே சேமியுங்கள். "தம்பி" என்பதை ஆங்கில எழுத்தில் போட்டால் ஆங்கிலக் குரல் அதைக் கடித்துக் குதறிவிடும். அணுகல் வசதி அமைப்புகளுக்குள் போய், பவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு முடியும்படி செய்யுங்கள். பேசி முடித்தும் கட் பண்ணத் தெரியாமல் ரீலோட் காசு கரைவது இதனால் நிற்கும். தமிழில் பேசினால் எழுதும் வசதி கூகிள் விசைப்பலகையில் உண்டு, அதையும் வட்ஸ்அப் குரல் பதிவையும் பழக்கிவிடுங்கள். கொழும்பிலோ குவைத்திலோ உள்ள பிள்ளையுடன் அவர் இனி யாரையும் எதிர்பார்க்காமல் பேசுவார். 'பீ மை ஐஸ்' என்ற இலவசச் செயலி 2015 முதல் இருக்கிறது. கெமராவைக் காட்டினால், எங்கோ உள்ள ஒரு தொண்டர் வீடியோ வழியாகப் பார்த்துச் சொல்வார். டேட்டா வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் வைக்கும் அலெக்சா போன்ற ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கு எந்நேரமும் வைஃபை வேண்டும். பிரீபெய்ட் டேட்டாவில் ஓடும் லயத்து வீட்டுக்கு அதை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரகசிய இலக்கத்தை அவரே தெரிவு செய்து அவரே அழுத்தட்டும். நீங்கள் 1234 என்று போட்டுக் கொடுக்காதீர்கள்.

இதனால் கடைக்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். 1934இல் அமெரிக்காவில் பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்து நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். அதே வேகத்தில் ஓடும் எல்.பி. தட்டு பொதுச் சந்தைக்கு வந்தது 1948இல்தான். அவர்களுக்காக யோசித்தது பிறகு எல்லோருக்கும் விற்றது. பேசும் போனும் திருகும் குமிழும் கண்ணாடியை மறந்து வந்த அறுபது வயதுக்காரருக்கும் வேண்டியவைதான். சரக்கை நிறைய வாங்கி அடுக்கத் தேவையில்லை. டோக்பேக்கும் தமிழ்க் குரலும் போட்ட மாதிரிப் போன் ஒன்று, நல்ல குமிழ் உள்ள ரேடியோ ஒன்று முன்மேசையில் இருந்தால் போதும்.

காசு வாங்கும் இடத்தில் இன்னும் இரண்டு விடயங்கள். 2011இல் வெளியான வரிசையில் 20 ரூபா முதல் 5,000 ரூபா வரையான ஆறு தாள்களும் ஒன்றைவிட ஒன்று 5 மில்லிமீற்றர் நீளம் கூடியவை. பழகிய விரல் அதை அளந்துவிடும். ஆகவே மீதியைக் கத்தையாகத் திணிக்காமல், ஒவ்வொரு தாளாக, பெறுமதியைச் சொல்லிக் கையில் வையுங்கள். உத்தரவாத அட்டையில் எழுதியிருப்பதையும் முழுவதுமாக வாசித்துக் காட்டுங்கள். மற்றது, *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண். எஸ்.எம்.எஸ்.இல் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். அவர் முன்னாலேயே அனுப்பி, வந்த பதிலை அந்தப் போனைக் கொண்டே வாசிக்க வையுங்கள்.