ஷிஃப்ட் வேலையிலிருந்து புள்ளியியலுக்கு

கேள்வி: பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க ஆசை. சரிப்படுமா?
– ஒரு வாசகி, சுங்குவார்சத்திரம்

பதில்: கட்டாயம் படியுங்கள். உங்கள் ஆலை அனுபவம் இந்தப் படிப்புக்குப் பெரிய பலம். தரக்கட்டுப்பாட்டில் பயன்படும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் வால்டர் ஷூஹார்ட் உருவாக்கியதே தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 1906-இல் லண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்றார். குறைந்த மாதிரிகளை வைத்து எவ்வளவு உறுதியாக முடிவெடுக்கலாம் என்ற ஆலைக் கேள்விக்கு அவர் தேடிய விடைதான் 1908-இல் வெளியாகி, இன்று ‘டி சோதனை’ என வழங்குகிறது.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை, தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி, நுங்கம்பாக்கத்தில் லயோலா ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். ஐ.ஐ.டி.க்கு ‘ஜாம்’ தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் உண்டு. மகலநோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு. அங்கே உதவித்தொகையும் கிடைக்கும். சேர்க்கைத் தகுதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றையும் இப்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளில் பழகுங்கள். இடம் உறுதியாகும்வரை வேலையை விடாதீர்கள். அளவெடுக்கத் தெரிந்த நீங்கள், அந்த அளவுகள் ஏன் மாறுகின்றன என்று கேட்கவும் கற்றுக்கொண்டால் எந்த ஆலையும் உங்களைத் தேடும்.